ஒரே கொள்ளளவு, இரண்டு விலை

ஒரு கடையில் இரண்டு 128 ஜிபி பென்டிரைவ்கள் அருகருகே தொங்குகின்றன. உருவம் ஒன்றுதான், இரண்டு உறைகளிலும் ‘3.0’ என்று அச்சிட்டிருக்கிறது. ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டரை மடங்கு. கொள்ளளவு சமமாக இருக்கும்போது கூடுதல் பணம் எதற்கு என்ற கேள்வி வாங்குபவர் எவருக்கும் எழும். விலை குறைந்ததை வாங்கி வந்தவருக்கு அன்று மாலையே இன்னொரு கேள்வியும் எழுகிறது. பெரிய வீடியோ ஒன்றைக் காப்பி செய்யத் தொடங்கினால் திரையில் ஓடும் பச்சைப் பட்டை முதல் நிமிடம் பாய்கிறது, பிறகு நடக்கிறது, அதன்பின் தவழ்கிறது. ‘இன்னும் 4 நிமிடம்’ என்று காட்டியது ‘இன்னும் 2 மணி நேரம்’ என்று மாறிவிடுகிறது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

ஒரு முகூர்த்தத்தின் எடை

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு அருகே ஒரு கல்யாணம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீடியோ எடுப்பவரின் 4கே கேமரா நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிகிறது. பிட் என்பது ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்ற ஒற்றைச் செய்தி. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே நொடிக்கு 100 மெகாபிட் என்பது நொடிக்கு பன்னிரண்டரை எம்பி. ஒரு மணி நேரப் பதிவு 45 ஜிபி. மாப்பிள்ளை அழைப்பிலிருந்து பந்தி வரை வெட்டி வெட்டி எடுத்ததெல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் என்றால் 90 ஜிபி, அதாவது 72,000 கோடி பிட்.

அந்த அளவை உணர அதே கோயிலைப் பற்றிய ஒரு செவிவழிச் செய்தி உதவும். மதுரையிலிருந்த திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூரில் உச்சிக்காலப் பூசை முடிந்தது என்று தெரிந்த பிறகே உணவருந்துவார் என்றும், அதற்காக வழிநெடுக நகரா மண்டபங்கள் கட்டப்பட்டன என்றும் சொல்லப்படுகிறது. ஒரு மண்டபத்து முரசொலி கேட்டு அடுத்த மண்டபத்தில் முரசு கொட்டுவார்கள், அதைக் கேட்டு அடுத்ததில். சுமார் 75 கிலோமீட்டர் தூரத்தைச் செய்தி விரைவாகக் கடந்துவிடும். போய்ச் சேர்ந்த செய்தி ஒரே ஒரு பிட்: பூசை முடிந்தது. சொல்ல வேண்டியது ஒரு பிட் என்றால் முரசே போதும். கல்யாண வீடியோ 72,000 கோடி முரசொலிகளுக்குச் சமம். இவ்வளவையும் ஒரு விரல் நீளப் பொருளுக்குள் பதிக்க வேண்டும் என்பதிலிருந்துதான் விலையும் வேகமும் பிறக்கின்றன.

பேருந்து எவ்வளவு வேகம்

வீடியோவை எடிட் செய்பவர் ராஜபாளையத்தில் இருக்கிறார். பேருந்தில் அரை மணி நேரம். மெமரி கார்டையே கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் மறுநாள் முகூர்த்தத்துக்கு அந்தக் கார்டு வேண்டும். தவிர, ஒரு கல்யாணத்தின் ஒரே பிரதியைப் பேருந்தில் அனுப்புவது எந்த வீடியோகாரரும் எடுக்கக் கூடாத அபாயம். ஆகவே பென்டிரைவில் காப்பி எடுக்கிறார்.

அந்தப் பேருந்தையே ஒரு தகவல் கம்பியாக எண்ணிப் பார்க்கலாம். 90 ஜிபி அரை மணி நேரத்தில் போய்ச் சேருகிறது என்றால் நொடிக்கு 50 எம்பி. நொடிக்கு 20 மெகாபிட் வீதம் மேலேற்றும் வீட்டு இணைய இணைப்பில் இதே வீடியோவை அனுப்ப 10 மணி நேரம் ஆகும். பேருந்து அதைப் போல 20 மடங்கு வேகமானது. நல்ல வழிதான், ஆனால் ஏற்றுவதும் இறக்குவதும் கணக்கில் சேர வேண்டும்.

விலை குறைந்த பென்டிரைவ் தொடர்ந்து நொடிக்கு 10 எம்பி எழுதுகிறது, 100 எம்பி வாசிக்கிறது என்று கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏற்ற 9,000 நொடி, அதாவது இரண்டரை மணி நேரம். பேருந்தில் அரை மணி. ராஜபாளையத்தில் இறக்கக் கால் மணி. மொத்தம் 3 மணி 15 நிமிடம். விலை கூடியது நொடிக்கு 100 எம்பி எழுதுகிறது, 200 எம்பி வாசிக்கிறது. ஏற்றக் கால் மணி, பயணம் அரை மணி, இறக்க ஏழரை நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

வித்தியாசம் எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். வாசிப்பு வேகம் இரு மடங்கானதில் மிச்சம் ஏழரை நிமிடம். எழுதும் வேகம் பத்து மடங்கானதில் மிச்சம் 2 மணி 15 நிமிடம். கடையில் பெரிய எழுத்தில் காட்டப்படுவது பெரும்பாலும் வாசிப்பு வேகம்தான்.

டம்ளரும் கோடுகளும்

எழுதுவது ஏன் இவ்வளவு கடினம்? பென்டிரைவுக்குள் இருப்பது ஃப்ளாஷ் நினைவகம். தோஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்த ஃபுஜியோ மசுவோக்கா 1984-இல் இதை உலகுக்கு அறிவித்தார். இன்று பென்டிரைவுகளில் உள்ள ‘நாண்ட்’ வகையை 1987-இல் அவரது குழு வெளியிட்டது. இதில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உண்டு. ஒவ்வோர் அறைக்கும் மின்சாரம் கசியாத சுவர். அழுத்தம் கொடுத்துத் தள்ளினால் எலக்ட்ரான்கள் சுவரை ஊடுருவி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அங்கேயே இருக்கும். உள்ளே எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்பதே அறையில் எழுதிய செய்தி.

அறையைப் பால் ஊற்றும் டம்ளராக நினைத்துக்கொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூரே பால்கோவாவுக்குப் பெயர் பெற்றது, பாலும் அளவும் அங்கு அன்றாட விஷயம். டம்ளர் காலியாக இருந்தால் ‘இல்லை’, நிறைந்திருந்தால் ‘உண்டு’ என்று ஏற்பாடு செய்தால் ஒரு டம்ளருக்கு ஒரு பிட். மடமடவென்று ஊற்றிவிடலாம், கொஞ்சம் முன்பின் ஆனாலும் குழப்பமில்லை. ஆரம்பகால ஃப்ளாஷ் இப்படித்தான் இருந்தது. ஆனால் டம்ளர்கள் விலை அதிகம். அதே டம்ளரில் நான்கு மட்டங்களைப் பிரித்தறிந்தால் இரண்டு பிட் பிடிக்கும். எட்டு மட்டம் என்றால் மூன்று பிட், பதினாறு என்றால் நான்கு. டம்ளர் எண்ணிக்கை மாறாமலே கொள்ளளவு நான்கு மடங்காகிறது. இன்று ஜிபியின் விலை இவ்வளவு இறங்கியிருப்பதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

இதற்கான செலவு நேரத்தில் வருகிறது. பிட் நான்கு மடங்கானபோது மட்டம் இரண்டிலிருந்து பதினாறாகிவிட்டது, எட்டு மடங்கு நெருக்கம். பதினாறு கோடு போட்ட டம்ளரில் சரியாக ஒன்பதாவது கோட்டில் நிறுத்த வேண்டுமென்றால் கொஞ்சம் ஊற்றி, குனிந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி, மறுபடி பார்க்க வேண்டும். ஃப்ளாஷ் சிப்பும் அதையேதான் செய்கிறது: சிறிய மின்துடிப்பு, சரிபார்ப்பு, அடுத்த துடிப்பு. மட்டம் தாண்டிவிட்டால் ஓர் அறையிலிருந்து மட்டும் எடுத்துக் குறைக்க வழியில்லை என்பதால் அவசரப்படவும் முடியாது. வாசிப்பதற்கு இந்தப் பாடு இல்லை, மட்டம் எங்கே என்று பார்த்தால் போதும். மைக்ரோநொடிக் கணக்கில் சொன்னால் வாசிப்பு பத்துகளில், எழுதுவது நூறுகளில், அழிப்பது ஆயிரங்களில்.

மலிவான பென்டிரைவில் மூன்று பிட், நான்கு பிட் அறைகள் இருப்பது மோசடி அல்ல. அந்த விலையில் அந்தக் கொள்ளளவு கிடைக்க அதுவே வழி. வாங்குபவருக்கு அது சொல்லப்படுவதில்லை என்பதுதான் குறை.

இடைக்களம்

பட்டை முதலில் பாய்ந்து பிறகு தவழ்வதற்குக் காரணம், பென்டிரைவ்கள் பலவற்றில் இருக்கும் ஓர் ஏற்பாடு. அறுப்புக் காலத்தில் வண்டியில் வரும் நெல்லை நேராகக் குதிருக்குள் போடுவதில்லை. களத்தில் கொட்டிவிட்டு வண்டி அடுத்த நடைக்குப் போய்விடும். தூற்றிக் குதிரில் சேர்ப்பது பிறகு நிதானமாக நடக்கும். பென்டிரைவும் தன் அறைகளில் ஒரு பகுதியை இப்படிக் களமாக வைத்துக்கொள்கிறது. அங்கே மட்டும் டம்ளருக்கு ஒரே பிட், வேகமாக ஊற்றலாம். பிறகு ஓய்வு கிடைக்கும்போது அதை எட்டு மட்ட, பதினாறு மட்ட அறைகளுக்கு மாற்றி அடுக்கிக்கொள்ளும். இந்தப் பகுதியை இடைக்களம் என்று அழைக்கலாம். களம் நிறைந்துவிட்டால் அடுத்த வண்டி காத்திருக்க வேண்டியதுதான். அந்த நிலையில் எஞ்சும் வேகமே நீடித்த எழுதுவேகம். ஒரு பென்டிரைவின் உண்மையான தரம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

மேலே சொன்ன மலிவு பென்டிரைவுக்கு 6 ஜிபி இடைக்களம் இருக்கிறது, அதில் நொடிக்கு 80 எம்பி எழுதலாம் என்று கொள்வோம். முதல் 6 ஜிபி 75 நொடியில் முடிந்துவிடும். மீதி 84 ஜிபி நொடிக்கு 10 எம்பி வீதம் 8,400 நொடி. மொத்தம் 2 மணி 21 நிமிடம். இடைக்களம் இல்லாமல் இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும், மிச்சம் 9 நிமிடம் கூட இல்லை. ஆனால் கடையில் 5 ஜிபி சினிமா ஒன்றைக் காப்பி செய்து சோதித்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் ஏறியிருக்கும், வாங்கியவர் மகிழ்ந்து போயிருப்பார். பாடல்களும் ஒன்றிரண்டு சினிமாவும் மட்டுமே ஏற்றுபவருக்கு அந்த மகிழ்ச்சி நியாயமானதே. அவருக்கு இடைக்களமே போதும்.

இன்னொன்று. ஒரு பிட் வீதம் 6 ஜிபி எழுத, மூன்று பிட் வீதம் 18 ஜிபி எழுதக்கூடிய இடம் தேவை. பென்டிரைவ் நிறைய நிறைய அந்த இடம் சுருங்கலாம். முக்கால்வாசி நிரம்பிய பென்டிரைவ் புதிதில் இருந்ததைவிட மந்தமாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

கணினியும் தன் பங்குக்குக் கண்ணைக் கட்டுகிறது. சில இயங்குதளங்கள் ஃபைலை முதலில் தம் சொந்த நினைவகத்தில் வாங்கிவைத்துக்கொண்டு ‘முடிந்தது’ என்று காட்டிவிடும். உண்மையான எழுத்து பின்னால் நடந்துகொண்டிருக்கும். தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் இடம்பெற்ற பாஸ் லினக்ஸ் உட்பட லினக்ஸ் வகைகளில் இதை நன்றாகக் காணலாம்: பட்டை நூறு சதவீதம் தொட்டுவிட்டு அங்கேயே நிற்கும். அந்த நேரத்தில் பென்டிரைவைப் பிடுங்கினால் ஃபைல் பாதியோடு போய்விடும்.

கொள்ளளவு ஓடியது, வேகம் நடந்தது

பென்டிரைவ்கள் 2000-இல் விற்பனைக்கு வந்தன. சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் ‘தம்ப்டிரைவ்’ என்ற பெயரிலும், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் தயாரித்ததை ஐபிஎம் தன் பெயரிலும் விற்றன. ஐபிஎம் விற்றதன் கொள்ளளவு 8 எம்பி. ஒரு ஃப்ளாப்பி 1.44 எம்பிதான் பிடித்த காலத்தில் அது பெரிய விஷயம். அந்தப் பென்டிரைவ் பயன்படுத்திய யுஎஸ்பி பாதையின் உச்சம் நொடிக்கு 12 மெகாபிட், அதாவது ஒன்றரை எம்பி. அந்த உச்ச வேகத்தில் 8 எம்பி நிரம்ப 6 நொடி கூட ஆகாது. நடைமுறையில் அதைப் போலச் சில மடங்கு ஆகியிருக்கும், அப்படியும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

128 ஜிபி என்பது அந்த 8 எம்பியின் 16,000 மடங்கு. நொடிக்கு 10 எம்பி என்பது ஒன்றரை எம்பியின் ஏழு மடங்கு கூட இல்லை. காலிப் பென்டிரைவ் முழுதாக நிறைய ஆகும் நேரத்தை நிரப்பு நேரம் என்று சொல்லலாம். மலிவான 128 ஜிபிக்கு அது 3 மணி 33 நிமிடம். அதே வேகத்தில் 256 ஜிபி வாங்கினால் 7 மணி நேரத்துக்கு மேல், 512 ஜிபி வாங்கினால் 14 மணி நேரம். பெரிய பென்டிரைவ் வாங்கும்போதுதான் வேகம் ஒரு பிரச்சினையாகிறது என்பதன் காரணம் இதுவே. 8 ஜிபியில் மந்தம் யாருக்கும் உறைக்காது.

பெரிய பென்டிரைவ் தானாகவே வேகமாக இருக்க வேண்டாமா என்று கேட்கலாம். முன்பு ஓரளவு அப்படித்தான் இருந்தது. கொள்ளளவு கூட வேண்டுமென்றால் கூடுதல் சிப்புகளை அடுக்க வேண்டும், பல சிப்புகள் இருந்தால் ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் எழுதலாம். நூற்பாலையில் ஒரு கதிருக்குப் பதில் நூறு கதிர்கள் சேர்ந்து நூற்பது போல. ராஜபாளையத்தின் ஆலைகளில் ஒரு தனிக்கதிரின் வேகத்தைவிட எத்தனை கதிர்கள் ஓடுகின்றன என்பதே உற்பத்தியைத் தீர்மானிக்கிறது. ஆனால் இன்று ஒரே சிப்புத் துண்டில் 1 டெராபிட் அடங்குகிறது. எட்டால் வகுத்தால் 128 ஜிபி. அதாவது மலிவான 128 ஜிபி பென்டிரைவுக்குள் ஒரே ஒரு துண்டு இருந்தாலும் போதும். கொள்ளளவு முழுதாகக் கிடைத்துவிடும், ஓடுவது ஒரே கதிர். விலை கூடியதில் பல துண்டுகளும், அவற்றை ஒருசேர நடத்தத் தெரிந்த நல்ல கட்டுப்பாட்டுச் சிப்பும் இருக்கும். கூடுதல் பணம் போவது பெரும்பாலும் அங்கேதான்.

உறையில் எழுதியிருப்பது

உறையைப் படிக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது ‘வரை’ என்ற சொல். ‘நொடிக்கு 130 எம்பி வரை’ என்பது கூரை, தரை அல்ல. அதுவும் வாசிப்பின் கூரை. எழுதுவேகத்தைத் தனியாகக் குறிப்பிடாத உறையில் அது சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. கேமராக்களின் மெமரி கார்டுகளில் நிலைமை வேறு. அவற்றில் வி30 என்று அச்சிட்டிருந்தால் நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே எழுதுவேகம் இறங்காது என்ற உறுதிமொழி. வட்டத்துக்குள் 10 என்றிருந்தால் குறைந்தது 10 எம்பி. ஓடுகிற வீடியோவைக் கேமராவால் நிறுத்திவைக்க முடியாது என்பதால் அங்கே தரையைச் சொல்லும் முறை ஏற்பட்டது. பென்டிரைவுக்கு அப்படியொரு பொது முத்திரை வழக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே பெரிய தேவை இருந்திருக்காது.

அடுத்தது ‘3.0’. இது பென்டிரைவின் வேகம் அல்ல, கணினிக்கும் அதற்கும் இடையிலுள்ள பாதையின் அகலம். யுஎஸ்பி 1996-இல் வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முன்னின்றவர் குஜராத்தில் பிறந்த அஜய் பட். 2000-இல் வந்த 2.0 பாதை நொடிக்கு 480 மெகாபிட், கணக்குப்படி 60 எம்பி, நடைமுறையில் 30 முதல் 40 எம்பி. 2008-இல் அறிவிக்கப்பட்ட 3.0 நொடிக்கு 5 கிகாபிட். அதன்பின் அதே பாதைக்கே 3.1 ஜென் 1 என்றும் 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாற்றினார்கள். மூன்றும் ஒன்றே. 3.2 என்று அச்சிட்டதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. நாற்கரச் சாலையில் போனாலும் மாட்டு வண்டி மாட்டு வண்டிதான். நொடிக்கு 10 எம்பி எழுதும் பென்டிரைவுக்கு எழுதுவதில் 3.0 பாதை பெரிய உதவி எதுவும் செய்யாது.

இதன் மறுபுறமும் உண்டு. வேகமான பென்டிரைவை வாங்கிப் பழைய கணினியின் 2.0 துளையில் செருகினால், நொடிக்கு 35 எம்பி என்று வைத்தாலும் 90 ஜிபி ஏற 43 நிமிடம். கால் மணி நேரத்துக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி அங்கே வீணாகிறது. பொதுவாக 3.0 துளையின் உட்பகுதி நீலமாக இருக்கும், அருகில் இரண்டு ‘எஸ்’ எழுத்துகள் இருக்கலாம். கேமரா கார்டைச் செருகும் ரீடரும் 2.0 என்றால் அதே தடை அங்கும் உண்டு. இன்னொரு நுட்பம்: 3.0 செருகியில் பழைய நான்கு தொடுமுனைகளுடன் புதிதாக ஐந்து உண்டு. தயங்கித் தயங்கிச் செருகினால் பழைய நான்கு மட்டும் முதலில் தொட்டு, கணினி அதை 2.0 என்றே எடுத்துக்கொள்வதுண்டு. வேகம் குறைவாகத் தெரிந்தால் முறைப்படி அகற்றிவிட்டு ஒரே மூச்சில் மறுபடி செருகிப் பார்க்கலாம்.

128 ஜிபி என்று வாங்கியது கணினியில் 119 என்று காட்டுவது பலரைக் கலங்க வைக்கிறது. உறையில் ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸ் கணக்கில் அது சுமார் 107 கோடியே 37 லட்சம். அளவுகோல் வேறு, பொருள் குறையவில்லை.

சிறு ஃபைல்களின் சுமை

ஒரே 90 ஜிபி வீடியோவும், மொத்தம் 90 ஜிபி வரும் லட்சம் சிறு ஃபைல்களும் ஒன்றல்ல. ஃப்ளாஷில் எழுதுவது சிறு பக்கங்களாக, அழிப்பது பல எம்பி கொண்ட பெரிய கட்டங்களாக. சிலேட்டில் வரி வரியாக எழுதலாம், ஆனால் துடைத்தால் முழுச் சிலேட்டையும்தான் துடைக்க முடியும் என்ற நிலை அது. ஒரு வரியைத் திருத்த மற்ற வரிகளையெல்லாம் வேறொரு சிலேட்டுக்குப் பெயர்த்தெழுத வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர்ப் பதிவேட்டிலும் ஒரு வரி மாறும். ஆகவே ஸ்டூடியோவின் பழைய புகைப்படக் கோப்புறைகளையோ கடைக் கணக்குகளையோ மாற்றும்போது, பெரிய வீடியோவில் நொடிக்கு 100 எம்பி காட்டிய பென்டிரைவ்கூட ஒற்றை இலக்கத்துக்கு இறங்கலாம். இதற்கு எளிய வழி, சிறு ஃபைல்களை முதலில் கணினியிலேயே ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி, பிறகு காப்பி செய்வது.

காசையும் நேரத்தையும் தட்டில் வைத்தால்

இனி விலை. ஃப்ளாஷ் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் என்பதால் கணக்குக்காக மட்டும் மலிவானதை 800 ரூபாய், வேகமானதை 2,000 ரூபாய் என்று வைக்கலாம். கொள்ளளவை மட்டும் பார்த்தால் ஒரு ஜிபிக்கு 6 ரூபாய் 25 காசு, மற்றதில் 15 ரூபாய் 63 காசு. இந்தத் தட்டில் மலிவானது எப்போதும் வெல்லும். தராசே தவறானது, ஏனென்றால் காத்திருப்பு அதில் ஏறவில்லை.

வீடியோகாரரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் அடுத்தடுத்து முகூர்த்தம். ஆண்டுக்கு 20 கல்யாணம் என்று குறைத்தே வைத்தாலும், ஒவ்வொன்றிலும் 2 மணி 15 நிமிடம் மிச்சமென்றால் 45 மணி நேரம். கூடுதலாகக் கொடுத்தது 1,200 ரூபாய். முதல் ஆண்டிலேயே, மிச்சமான ஒரு மணி நேரத்துக்கு அவர் கொடுத்தது 27 ரூபாய்க்கும் குறைவு. அடுத்தடுத்த நாளில் இரண்டு முகூர்த்தம் இருக்கும்போது அந்த இரண்டு மணி நேரம் தூக்கத்திலிருந்துதான் போகும் என்பதையும் நினைத்தால், இதில் யோசிக்க எதுவும் இல்லை.

குடும்பத்தின் கணக்கு வேறு. ஆண்டுக்கு ஒருமுறை செல்பேசிப் படங்களையெல்லாம் சேர்த்து 90 ஜிபி காப்பி எடுத்துப் பீரோவில் வைக்கிறார்கள். ஐந்தாண்டில் மிச்சமாவது 11 மணி 15 நிமிடம், மணிக்கு சுமார் 107 ரூபாய். அதுவும் பெயரளவுக்குத்தான். இரவு சாப்பிட்ட பிறகு காப்பி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். தூங்குகிறவருடைய காத்திருப்புக்கு விலை இல்லை. அந்த 1,200 ரூபாயில் இன்னொரு மலிவுப் பென்டிரைவ் வாங்கி இரண்டாவது பிரதி எடுப்பதே புத்திசாலித்தனம். ஃப்ளாஷ் அறைகளில் அடைத்த எலக்ட்ரான்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லக் கசியும், வெப்பம் அதை விரைவுபடுத்தும். ஒரே பிரதியை நம்பியிருப்பது எந்த விலையிலும் நல்லதல்ல.

ஆக, தராசில் ஏற வேண்டியவை மூன்று: ஒரு தடவைக்கு எத்தனை ஜிபி எழுதப்படுகிறது, ஆண்டுக்கு எத்தனை தடவை, எழுதும் நேரத்தில் ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரா. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எழுதும் அளவு இன்னும் பெரிதானால், அதாவது 512 ஜிபி, 1 டிபி என்று போனால், பென்டிரைவை விட்டு வெளியில் இணைக்கும் எஸ்எஸ்டியைப் பார்ப்பது நல்லது. உள்ளே அதே ஃப்ளாஷ்தான், ஆனால் கதிர்கள் அதிகம், சூட்டை வெளியேற்ற உடம்பும் பெரிது. நகம் அளவிலான பென்டிரைவ்கள் ஒரு மணி நேரம் தொடர்ந்து எழுதினால் கொதித்துப்போய்த் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

வீட்டாருக்குத் தரும் பென்டிரைவ்

எடிட் செய்த கல்யாண வீடியோ முழு இரண்டு மணி நேரமும் இருந்தாலும், நொடிக்கு 20 மெகாபிட் என்றால் 18 ஜிபி. அது வீட்டாருக்குப் பென்டிரைவில் போகிறது. மலிவானதில் ஏற அரை மணி நேரம். ஒரே தடவை எழுதுவது, ராஜபாளையத்தில் மற்ற வேலை நடக்கும்போதே ஏறிவிடும். டிவி அதை ஓட்டத் தேவைப்படும் வாசிப்பு நொடிக்கு இரண்டரை எம்பி மட்டுமே. எவ்வளவு மலிவான பென்டிரைவும் அதைப் போலப் பல மடங்கு வாசிக்கும். இங்கே வேகத்துக்குப் பணம் கொடுப்பது வீண்.

வீட்டில் வரக்கூடிய சிக்கல் வேறொன்று. பழைய ஃபேட்32 அமைப்பில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பெரிய பென்டிரைவ்கள் எக்ஸ்ஃபேட் என்ற புதிய அமைப்பில் வருகின்றன. பழைய டிவிகளில் பல அதைப் படிக்காது, ‘காலியாக இருக்கிறது’ என்றே காட்டும். கல்யாண வீடியோ வரவில்லை என்று ஸ்டூடியோவுக்குப் போன் வருவது பல நேரம் இதனால்தான். வீட்டு டிவி பழையது என்றால் வீடியோவை 4 ஜிபிக்குக் குறைவான துண்டுகளாக்கி ஃபேட்32-இல் கொடுப்பது வழி.

வாங்கிய அன்றே

நம்ப முடியாத விலையில் 1 டிபி, 2 டிபி என்று விற்கப்படும் பென்டிரைவ்களில் கொள்ளளவே பொய்யாக இருப்பதுண்டு. உள்ளே இருப்பது 32 ஜிபி, கணினிக்கு 2 டிபி என்று சொல்லும்படி கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றியிருப்பார்கள். 32-ஐத் தாண்டி எழுதும் ஃபைல்கள் பெயரளவில் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. முன்பு எழுதியவையும் அழிந்துபோகலாம். கல்யாணம் போல மறுபடி எடுக்க முடியாத ஒன்றை அதில் ஏற்றியவருக்கு நேரும் இழப்பை எந்த விலைக் குறைவும் ஈடுசெய்யாது.

கொள்ளளவையும் வேகத்தையும் ஒரே சோதனையில் பார்த்துவிடலாம். விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸில் ‘எஃப்3’ என்ற இலவச நிரல்கள் பென்டிரைவ் முழுவதையும் எழுதி நிரப்பி, திரும்பப் படித்து, எழுதியதெல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்கும். இடைக்களம் நிறைந்த பிறகும் எழுதுவதால், கடைசியில் அவை காட்டும் சராசரி எழுதுவேகம் நீடித்த எழுதுவேகத்துக்கு மிக அருகில் இருக்கும். நிரல் ஏற்றத் தெரியாதவர் 20, 30 ஜிபி வரும் ஒரே ஃபைலைக் காப்பி செய்து, பத்தாவது நிமிடத்தில் திரையில் தெரியும் வேகத்தைக் குறித்துக்கொள்ளலாம். முதல் நிமிடத்தின் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்.

மலிவான 128 ஜிபியில் முழுச் சோதனைக்கு எழுத 3 மணி 33 நிமிடம், திரும்பப் படிக்க நொடிக்கு 100 எம்பி வீதம் இன்னும் 21 நிமிடம். நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடையில் மாற்றித் தரும் கெடு ஏழு நாள் என்றாலும் வாங்கிய அன்று இரவே இதை ஓடவிடலாம், ரசீதும் உறையும் அதுவரை பத்திரமாக இருக்கட்டும்.